வத்ராவுக்கு ஒதோகியா சொன்ன வாக்கியம்

ஒதோகியாவின் மாடுதான் குரூனிக் ஊரிலேயே மெலிந்த மாடு. ஊருக்கு மேலே மலைச்சரிவில் முழங்கால் உயரத்துக்குப் புல் கிடக்கும். அதை விட்டுவிட்டு அவள் தினமும் மாட்டைக் கீழே இழுத்துக்கொண்டு போய் தீசா ஆற்றங்கரையில் கட்டுவாள். கரையில் கூழாங்கல்லையும் முள்செடியையும் தவிர என்ன இருக்கிறது? மாடு பாவம், கல்லை முகர்ந்துகொண்டு நிற்கும். அவள் ஒரு மரக்கட்டையின் மேல் உட்கார்ந்து கம்பளி நூற்றுக்கொண்டே எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"மாட்டை மேய்க்கப் போறியா, இல்ல ரஷ்யாவை மேய்க்கப் போறியா?" என்று பக்கத்து வீட்டுத் தெக்லா வேலிக்கு மேலே தலையை நீட்டுவாள். "இந்த லட்சணத்துல மாடு வச்சிருக்கறதுக்கு ஒரு பூனை வளர்க்கலாம். அது எலியாவது பிடிக்கும்."

"என் மாடு, என் பால்செம்பு. உனக்கு எங்க நோவுது?"

"மாட்டுக்குத்தான்டி நோவுது. அதுக்கு வாய் இருந்தா அழும்."

தெக்லாவுக்குக் காரணம் தெரியாமல் இல்லை. ஊருக்கே தெரியும். ஒதோகியாவின் மகள் வசிலினா எதிர்க்கரையில் இருந்தாள். அந்த இடத்தில் ஆற்றின் அகலம் இருநூறு அடி. கோடையில் இடுப்பளவு தண்ணீர்கூட ஓடாது. ஆனால் அந்தக் கரையில் முள்கம்பியும், கால்தடம் விழுந்தால் தெரியும்படி உழுது போட்ட மண்ணும், காவல் கோபுரமும் இருந்தன. இக்கரை ருமேனியா, அக்கரை சோவியத். இரண்டு கரையிலும் பேச்சு ஒன்று, பாட்டு ஒன்று, மக்காச்சோளக் களி கிண்டுகிற பக்குவம்கூட ஒன்று. துப்பாக்கிக்கு இதெல்லாம் தெரியுமா?

முன்பு அப்படி இல்லை. மரப்பாலம் ஒன்று இருந்தது. பெண் கொடுத்தோம், பெண் எடுத்தோம், சந்தைக்கு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனோம். ஒதோகியாவின் கணவன் லுக்கின் ஆற்றில் மரக்கட்டைத் தெப்பம் விடுகிறவன். அவனைப் போருக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். தோன் நதிப் பக்கம் போனவன் திரும்பவில்லை. அவனுடைய அக்கா அகாஃபியாவை அக்கரையில் கட்டிக்கொடுத்திருந்தது. அவளுக்குப் பிள்ளை இல்லை.

நாற்பத்து நான்காம் வருஷம் இலையுதிர் காலத்தில் போர்முனை எங்கள் ஊர் வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒதோகியாவுக்கு டைபஸ் காய்ச்சல். பேன் கடித்துப் பரவுகிற காய்ச்சல். வீட்டுக்கு இரண்டு பேரைக் கொண்டுபோயிற்று. செய்தி கேட்டு அகாஃபியா குதிரை வண்டியோடு வந்தாள். "பிள்ளையை நான் கொண்டு போறேன். நீ எந்திரிச்சதும் வந்து கூட்டிக்க" என்றாள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அன்றைக்கு அவள் வராமல் இருந்தால் ஆறு வயது வசிலினாவும் அந்தக் காய்ச்சலில் போயிருப்பாள்.

ஆனால் வண்டி ஏறப் போன அகாஃபியா அடுப்பங்கரையில் நின்றாள்.

எங்கள் பேச்சில் வத்ரா என்றால் வீட்டு அடுப்பில் எரிகிற நெருப்பு. ஆட்டுக்காரர்கள் மலைமேல் மூட்டுவதும் வத்ராதான். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பும்போதும், மகன் தனிக்குடித்தனம் போகும்போதும், வீட்டுப் பெரியவள் வத்ராவிலிருந்து ஒரு கங்கை எடுத்து மண்சட்டியில் சாம்பலுக்குள் புதைத்துக் கொடுப்பாள். புது வீட்டு அடுப்பு அதிலிருந்துதான் பற்ற வேண்டும். கங்கோடு போனவர் இனி அந்த இடத்து ஆள். கங்கு இல்லாமல் போனவர் எத்தனை வருஷம் தங்கினாலும் விருந்தாளி. தீப்பெட்டி வந்த பிறகும் இதை யாரும் விடவில்லை.

"ஒதோகியா, ஒரு கங்கு எடுத்துக்கறேன்" என்றாள் அகாஃபியா. "பிள்ளை புது இடத்துல அழும். உங்க அம்மா வீட்டு நெருப்புடான்னு காட்டி சமாதானம் பண்ணுவேன்."

காய்ச்சலில் கண் திறக்க முடியாமல் கிடந்தவளுக்கு இது மட்டும் காதில் ஈயம் காய்ச்சி ஊற்றினாற்போல் விழுந்தது.

"வேண்டாம் அண்ணி. அவ குடியேறப் போகலை. பதுங்கத்தான் போறா."

"சின்னத் துண்டுதான்..."

"வத்ராவைத் தொடாதீங்க!"

அவ்வளவு சத்தம் அந்த உடம்பிலிருந்து எப்படி வந்ததோ. வாசலில் சால்வைக்குள் நின்றிருந்த வசிலினா தன்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்தோ என்னவோ உதட்டைப் பிதுக்கினாள். அகாஃபியா இடுக்கியைப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

எட்டாம் நாள் பாலத்தைக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். ஒதோகியா எழுந்து நடக்க ஒரு மாதம் ஆயிற்று. சுவரைப் பிடித்து, வேலியைப் பிடித்து ஆற்றங்கரைக்குப் போனபோது அங்கே சிப்பாய்கள் நின்றார்கள். அடுத்த வருஷம் ஆறு எல்லையாயிற்று. மனுப் போடு என்றார்கள், போட்டாள். இரண்டு வருஷம் கழித்துப் பதில் வந்தது. அக்கரைப் பதிவேட்டில் வசிலினா அகாஃபியாவுக்குப் பிறந்த மகள், பிறந்த ஊர் அக்கரை. அத்தையை அம்மாவாக்க ஒரு பேனா போதுமானதாக இருந்தது.

ஒதோகியா நாத்தனாரை வாய்விட்டுச் சபித்து யாரும் கேட்டதில்லை. சோறு போட்டு வளர்க்கிறவளை எப்படிச் சபிப்பது? அவளை அரித்துக்கொண்டிருந்தது வேறு. அம்மா என்னைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள் என்று பிள்ளை நினைத்துக்கொண்டிருக்குமோ? கடைசியாக அது கேட்டது அம்மாவின் அதட்டல். அதற்கு மேல் ஒன்றுமே இல்லை. நான் உன்னைக் கொடுக்கவில்லை என்ற ஒரு வார்த்தை அக்கரை போய்ச் சேர்ந்தால் போதும், அப்புறம் செத்தாலும் பரவாயில்லை என்று அவள் இருந்தாள்.

ஏழு கடிதம் எழுதச் சொல்லிப் போட்டாள். ஆறுக்குப் பதில் இல்லை. ஒன்று, முகவரியில் ஆள் இல்லை என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. ஆள் இருக்கிற வீட்டுக் கூரை இங்கிருந்தே தெரிகிறது! ஒருமுறை கரையில் நின்று கத்திப் பார்த்தாள். கோபுரத்திலிருந்து வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். இந்தப் பக்கத்து அதிகாரிகள் இரண்டு நாள் உள்ளே வைத்து, இனி கத்தினால் ஆறு மாதம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அப்புறம் பார்ப்பது மட்டும் மிச்சம். அவ்வளவு தூரத்திலிருந்து முகம் தெரியாது. உயரம் தெரியும், நடை தெரியும். பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பெண்களில் பச்சைத் தலைத்துணி கட்டிய ஒருத்தியை அவள் தன் மகள் என்று கண்டுபிடித்தாள். லுக்கினைப் போலவே தோளைச் சரித்து நடந்தாளாம். நாலு வருஷம் அந்தப் பச்சைத் துணிக்காரியைக் கண்ணாலேயே வளர்த்தாள். அவள் ஒரு வாரம் வெளியே வராவிட்டால் இவள் சாப்பிட மாட்டாள். ஒருநாள் வைக்கோல் வண்டியிலிருந்து ஒரு பெண்பிள்ளை இறங்கி அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள். வண்டிக்காரி ஒல்லி, அகாஃபியாவோ வாசல் அடைக்கிற உடம்புக்காரி. பச்சைத் துணிக்காரி வேறு யாருடைய மகளோ. அன்று மாலை ஒதோகியா மாட்டைக் கரையிலேயே மறந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். இத்தனை நாளும் உண்மையான மகள் கண்ணில் பட்டும் நான் அவளைப் பார்க்காமல் விட்டுவிட்டேனே என்று அடுப்பின் முன்னால் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மாட்டைத் தெக்லாதான் பிடித்துக்கொண்டு வந்து கட்டினாள்.

ஐம்பத்தேழாம் வருஷம் சொல் பொறுக்குகிறவன் வந்தான்.

பெயர் தெயோஃபில். குளூஜ் நகரத்துப் பல்கலைக்கழகத்து ஆள், இருபத்தேழு வயது, கால் அளவுக்கு மீறின பூட்ஸ். ஒரு பெட்டி நிறைய வெற்றுச் சீட்டுகளோடு வந்து வீடு வீடாய்ப் போய், இதற்கு என்ன பெயர், அதற்கு என்ன பெயர் என்று கேட்டான். வரி போடத்தான் வந்திருக்கிறான் என்று ஊர் முடிவு கட்டியது. கோழிக்குப் பெயர் கேட்டபோது எங்களிடம் கோழியே இல்லை என்று மூன்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்; காலடியில் கோழி மேய்ந்துகொண்டிருந்தது.

தெக்லா மட்டும் ஆசையாய் உட்கார வைத்தாள். பாவம், அவனுக்குத்தான் லாபமில்லை. அவள் ரேடியோவில் கேட்ட பேச்சையெல்லாம் எடுத்து விட்டாள்.

"ரேடியோ சொல் வேண்டாம்மா. நீங்க வீட்டுல சொல்றது சொல்லுங்க."

"வீட்டுல சொல்றதையா புத்தகத்துல போடுவீங்க? வீட்டுல நான் சொல்றதெல்லாம் கேட்டா உங்க பேனா உடைஞ்சிடும் தம்பி!"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு வேலி தாண்டி ஒதோகியா வீட்டுக்கு வந்தான். அவள் களி கிண்டிக்கொண்டிருந்தாள். அவன் பேசாமல் விரலை அடுப்புப் பக்கம் நீட்டினான். சொல்லை அவனாக வாய்விட்டுச் சொல்லக் கூடாது, எதிராளி வாயிலிருந்து தானாக வரவேண்டும். அது அவர்கள் தொழிலின் சட்டம். இன்னொருவர் சொன்னதைப் படித்துக்காட்டிக் கேட்பதும் கூடாது.

"என்ன, பசிக்குதா?" என்றாள் ஒதோகியா.

"இல்லக்கா. அது என்ன?"

"களி."

"களிக்குக் கீழே?"

"சட்டி."

"சட்டிக்குக் கீழே!"

"வத்ரா. இதைக் கேக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க? கண்ணு நல்லா இருக்கா தம்பி?"

அவன் வாயெல்லாம் பல்லாக அதைச் சீட்டில் எழுதிக்கொண்டான். அவள் களியை எடுத்து வைத்து, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் வைத்தாள். வயிறு நிறைந்ததும் வாய் திறந்துகொண்டது. பெட்டியிலிருந்து மடித்த படம் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தான். மலை, ஆறு, நாடு எல்லாம் கோடு போட்டிருந்தது. கீழே கடலோரத்தில் அல்பேனியாவில் ஒரு புள்ளி வைத்துக் காட்டினான்.

"இங்கயும் இந்தச் சொல்தான்க்கா. அவங்களுக்கு வத்ரான்னா அடுப்பு மட்டும் இல்ல, வீடு, குடும்பம், வம்சம் எல்லாம் அதுதான். உன் வத்ரா அணைஞ்சு போகன்னு சொன்னா கொலை விழும். செர்பியாக்காரனுக்கு வெறும் நெருப்பு. நம்ம ருமேனியக்காரங்களுக்கு அடுப்பு, ஊரோட நடுவிடமும் அதுதான். மேலே ஸ்லோவாக்கியா, போலந்து மலையில ஆட்டுக்காரன் மூட்டற நெருப்பு. நாடோடி ஜிப்சிகளுக்குக்கூட இது உண்டு. ராத்தங்கற இடத்தைச் சொல்வாங்க."

"அத்தனை பேருக்கும் யார் சொல்லிக் குடுத்தது?"

"அதுலதான் அடிதடி. அல்பேனியாக்காரங்ககிட்ட இருந்து கிளம்பினதுன்னு நிறைய பேர் சொல்றாங்க. ரோமாபுரிக்கும் முந்தி இந்த மலையில இருந்தவங்க விட்டுட்டுப் போனதுன்னு சிலர். பழைய பாரசீகத்துல நெருப்புக்கு ஒரு சொல் உண்டு, அதுக்கு இது சொந்தம்னு சொல்றவங்களும் இருக்காங்க. எங்க துறையில ரெண்டு பேராசிரியருங்களுக்குள்ள இதுக்காகப் பேச்சே இல்ல. ஒண்ணு மட்டும் நிச்சயம், இதைத் தூக்கிட்டு வந்தது ஆட்டுக்காரங்க. புல்லைத் தேடி மலை மலையா நடந்தாங்க, சொல்லும் கூடவே நடந்துச்சு."

ஒதோகியா படத்தில் தீசா எங்கே என்று கேட்டாள். அவன் காட்டிய நீலக் கோட்டின் மேல் விரலை வைத்தாள். விரல் இரண்டு கரையையும் மூடிக்கொண்டது.

"இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கமும் வத்ராதானே?"

"அந்தப் பக்கமும் அதேதான்."

"நடந்து வந்தப்ப யாரும் அதுகிட்ட அனுமதிச் சீட்டு கேக்கலையா?"

தெயோஃபில் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"இந்தச் சீட்டெல்லாம் என்ன ஆகும் தம்பி?"

"புத்தகமாகும். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே ஊர், சொன்னவங்க பேரோட முதல் எழுத்து, வயசு, அவங்க சொன்ன வாக்கியம். ஒரு பிரதி அக்கரைக்கும் போகும். அங்கயும் என்னை மாதிரி ஒருத்தன் கேட்டுட்டு அலையறான். அவன் அச்சடிக்கறதை எங்களுக்கு அனுப்புவான், நாங்க அச்சடிக்கறதை அவனுக்கு அனுப்புவோம். சகோதர நாடுகள் இல்லையா?"

"கடுதாசியைப் பிரிச்சுப் பாக்கறவங்க இதைப் பிரிச்சுப் பாக்க மாட்டாங்களா?"

"பாப்பாங்க. ரெண்டு பக்கத்துல தூங்கிடுவாங்க."

ஒதோகியா கரண்டியைக் கீழே வைத்தாள். பதின்மூன்று வருஷமாக ஒரு வார்த்தை போக வழியில்லாத ஆற்றைத் தாண்டி இந்தப் பையனின் காகிதம் போகப் போகிறது!

"வாக்கியம் கேக்கலையே நீங்க?" என்றாள்.

"சொல்லுங்கக்கா. வத்ரா வர்ற மாதிரி எது வேணா சொல்லுங்க. சும்மா, வத்ரா நல்லா எரியுதுன்னாலும் போதும்."

அவள் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, சாட்சி சொல்ல நிற்பவளைப் போல எழுந்து நின்றாள்.

"நான் காய்ச்சல்ல கிடந்தப்ப எம் பொண்ணை அனுப்பி வச்சேன். வத்ராவிலேருந்து கங்கு குடுத்து அனுப்பலை."

"கங்கு..."

"குடுத்து அனுப்பலை. நல்லா எழுதுங்க. படிச்சுக் காட்டுங்க."

அவன் படித்துக் காட்டினான். இரண்டாம் தடவையும் படிக்க வைத்தாள். மூன்றாம் தடவை படித்ததும் தெயோஃபிலே, "இது ஏதோ வழக்கமா அக்கா?" என்று கேட்டான். கங்கு கொடுத்து அனுப்புகிற வழக்கத்தை மட்டும் அவள் விவரித்தாள். அவன் குதித்துவிட்டான். இன்னொரு சீட்டு எடுத்துக் குறித்துக்கொண்டு, "எங்கயும் கிடைக்காத உதாரணம்க்கா இது" என்று பத்து தடவை சொன்னான். பையனுக்குச் சொல்லின் வம்சாவளி அத்தனையும் தெரியும். எதிரே நிற்கிறவளைப் பற்றி எதுவும் தெரியவில்லை. அவள் ஒன்றும் சொல்லவும் இல்லை. தெரிந்தால் பயந்துபோய் எழுதினதை அடித்துவிடுவானோ என்ற பயம்.

புத்தகம் வர மூன்று வருஷம் ஆயிற்று. பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிரதி வந்தது. வாத்தியார் தேடிப் பிடித்துப் படித்தார்: ஒ., பெண், 41, குரூனிக். அதற்குக் கீழே அவள் சொன்னது அப்படியே இருந்தது. ஊர் அதை ஒரு வாரம் மென்றது. "ஊரான் பேரெல்லாம் வீரம் காட்டிப் புத்தகத்துல வருது, நம்ம ஊர்ப் பேரு அடுப்பு ஊதி வந்திருக்கு" என்று சாராயக் கடையில் சிரித்தார்கள். தெக்லா சிரிக்கவில்லை. அவளுக்கு வாக்கியம் விளங்கிவிட்டது.

"அதை அவ படிப்பான்னா நினைக்கறே?"

"அங்க ஒருத்தன் அலையறானாம். அவன் படிப்பான்."

"அவன் படிச்சு? அவ வாசல்ல போய்க் கூவுவானா? பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க. இருபத்திரண்டு வயசுடி அவளுக்கு. கல்யாணம் காட்சின்னு ஆகியிருக்கும். ஆறு வயசுல பாத்த மூஞ்சி யாருக்கு ஞாபகம் இருக்கும்? மறந்துட்டு உன் மாட்டைக் கொஞ்சம் மேலே கட்டு."

தெக்லா நல்லதுக்குத்தான் சொன்னாள். ஒதோகியா அவளோடு ஆறு வாரம் பேசவில்லை. ஏழாம் வாரம் தெக்லா ஒரு தட்டு பிளம் கொழுக்கட்டையை வேலிமேல் வைத்துவிட்டுப் போனாள். ஒதோகியா தட்டைக் கழுவித் திருப்பி வைத்தாள். சமாதானம் அப்படித்தான் வந்தது.

ஆனால் அந்தப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. கல்யாணம். அவள் அதை நினைத்தே பார்த்ததில்லை. மனசுக்குள் வசிலினா உயரமாகியிருந்தாள், பின்னல் நீண்டிருந்தது, ஆனால் வயது ஏறவில்லை. கட்டிக்கொடுத்திருந்தால் அகாஃபியா கங்கு கொடுத்திருப்பாளே! அவள் வத்ராவிலிருந்து எடுத்த கங்கில் இவள் மகளின் அடுப்பு எரியுமே. அப்படியானால் எல்லாம் முடிந்தது. இந்த நினைப்பு வந்தபோதெல்லாம் ஒதோகியா அடுப்பில் கட்டையைத் திணிப்பாள், தேவையே இல்லாமல். காட்டில் மரம் வெட்டுகிறவர்களுக்குச் சமைத்துப் போட்டு வாங்குகிற கூலியில் பாதி விறகுக்கே போயிற்று. வீட்டில் ஒற்றை ஆள். யாருக்காக அவ்வளவு நெருப்பு என்று கேட்க அந்த வீட்டில் ஒருவரும் இல்லை.

அறுபத்து நாலாம் வருஷம் தெயோஃபில் மறுபடி வந்தான். தொந்தி வைத்திருந்தான், கண்ணாடி போட்டிருந்தான், பூட்ஸ் அளவாக இருந்தது. வரும்போதே கோபமாக வந்தான்.

"உங்களாலதான்க்கா எங்களுக்கு வம்பு" என்று பெஞ்சில் உட்கார்ந்தான்.

"நான் என்ன பண்ணேன்? பாவி நான், பன்னிரண்டு மைல் நடந்ததில்ல, காட்டைத் தாண்டிப் போனதில்ல."

"உங்க வாக்கியம்! அக்கரையில ஒரு சின்னப் பையன் புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கான். அடுத்தவங்க சொன்னதைப் படிச்சுக் காட்டிக் கேக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. உங்க வழக்கம் அவனுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சாம். வீடு வீடாப் போய் உங்க வாக்கியத்தைப் படிச்சுக்காட்டி, உங்க ஊர்லயும் இந்தக் கங்கு வழக்கம் உண்டான்னு கேட்டிருக்கான். கேட்டதை மறைக்கவும் தெரியலை, அச்சுலயே போட்டிருக்கான்."

ஒதோகியா பெஞ்சின் மறுகோடியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"வீடு வீடாவா?"

"நாற்பது வீடு. எல்லாரும் ஆமாம் உண்டுன்னு சொல்லிட்டாங்க. அதுல ஒருத்தி மட்டும் பெரிய கதையே சொல்லியிருக்கா. அவளாலதான் இப்ப நான் வந்தேன்." பெட்டியிலிருந்து சாம்பல் நிற அட்டை போட்ட புத்தகத்தை எடுத்து, காகிதத் துண்டு செருகிய இடத்தில் பிரித்தான். "கேளுங்க. மூணு வருஷம் முன்னாடி கேட்டது. வ., பெண், 23."

அவன் வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு படித்தான்.

"'நானும் கங்கு இல்லாமத்தான் வந்தேன். கல்யாணத்தன்னைக்கு அத்தை அவங்க வத்ராவிலேருந்து கங்கு எடுத்து நீட்டினாங்க. நான் வாங்கலை. எங்க அம்மா குடுக்கலை, அதனால நான் யார்கிட்டயும் வாங்க மாட்டேன்னேன். எங்க வீட்டு அடுப்பைத் தீப்பெட்டியாலதான் பத்த வச்சோம். மாப்பிள்ளை வீட்டுல எல்லாரும் சிரிச்சாங்க.'"

அடுப்பில் ஒரு கட்டை வெடித்தது. தெயோஃபில் அடுத்த பக்கம் திருப்பப் போனான்.

"அத்தைன்னா போட்டிருக்கு?" என்றாள் ஒதோகியா.

"என்னக்கா?"

"கங்கு நீட்டினது யாருன்னு போட்டிருக்கு? அம்மான்னா, அத்தைன்னா?"

"அத்தைன்னுதான்."

"இன்னொரு தடவை படிங்க தம்பி. அந்த இடத்தை மட்டும்."

அவன் படித்தான். அவள் தலைத்துணியின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். பிள்ளை அன்று உதட்டைப் பிதுக்கியது திட்டு வாங்கினதால் அல்ல என்று இருபது வருஷம் கழித்து அவளுக்குத் தெரிந்தது. ஆறு வயதுப் பிள்ளை அம்மாவின் அதட்டலைச் சரியாகக் கேட்டிருக்கிறது, சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறது, வைத்துக் காப்பாற்றியிருக்கிறது. இவளுடைய வாக்கியம் போய்ச் சேருவதற்கு முன்பே, கல்யாணத்தன்றே, ஒருவரும் சொல்லித்தராமல் அந்தப் பெண் பதில் சொல்லி முடித்துவிட்டாள்.

தெயோஃபிலுக்கு அவன் கவலை. கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு சொன்னான்:

"சிக்கல் என்னன்னா, பிறந்த ஊர்னு ஒரு கட்டம் இருக்கு. அந்தந்த ஊர்லயே பிறந்தவங்க பேச்சைத்தான் அந்த ஊர்க் கணக்குல எடுக்கணும். இந்தப் பொண்ணோட அரசாங்கத் தாள்ல பிறந்தது அக்கரைன்னு இருக்காம். ஆனா இவ கேட்டவன்கிட்ட குரூனிக்னு சொல்லியிருக்கா. அந்தப் பையன் ஒரு உருப்படியான காரியம் பண்ணியிருக்கான். தாள்ல இருக்கறதை எழுதாம வாயால சொன்னதையே எழுதிட்டான். ரெண்டு நாட்டுக்கும் சேர்த்து இப்ப ஒரே படம் போடறோம். அவ சொன்னதை எந்த ஊர்ல போடறது? எழுத்துப் பிழையா, நிஜமான்னு விசாரிச்சிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பியிருக்காங்க. அக்கரைக்குப் போன ஒரு பொண்ணு, இந்த ஊர்ல பிறந்தவ, பேரு வ-ல ஆரம்பிக்கும். உங்களுக்கு யாரையாவது..."

அவன் பாதியில் நிறுத்தினான். ஏழு வருஷத்துக்கு முன் தான் மூன்று தடவை படித்துக்காட்டிய வாக்கியம் இப்போதுதான் அவனுக்குக் கேட்டது போலிருக்கிறது. எதிரே இருந்தவளைப் பார்த்தான்.

"இங்கதான் பிறந்தா" என்றாள் ஒதோகியா. "அந்தக் கட்டில்ல. முப்பத்தெட்டுல, பனி உருகற மாசம். தெக்லாதான் பிரசவம் பாத்தா. வேணும்னா கூப்பிட்டுக் கேளுங்க."

"வேண்டாம்க்கா. உங்க வார்த்தை போதும். நீங்க சொன்னதை எழுதறதுதான் எங்க சட்டம்."

"எழுதினா என்ன ஆகும்?"

"அக்கரை ஊர்க் கணக்குலேருந்து அவளை எடுத்துடுவோம். அவ சொன்னது இனி குரூனிக் பேச்சு. படத்துல உங்க ஊர்ப் புள்ளிக்குக் கீழே, உங்களுக்கு அடுத்த வரியில வரும்."

"இப்பவே எழுதுவீங்களா? நான் பாக்கணும்."

அவன் புத்தகத்தை மேசைமேல் அழுத்தி விரித்துவைத்து, சிவப்புப் பென்சிலால் அக்கரை ஊரின் கீழிருந்த அந்த ஐந்து வரியையும் அடித்தான். பிறகு ஒரு புதுச் சீட்டு எடுத்தான். குரூனிக் என்று எழுதினான். வ., பெண், 23, பிறந்தது இவ்வூர். பேனா அடுத்த கட்டத்தில் நின்றது.

"தற்சமயம் எங்க இருக்காங்கன்னு ஒரு கட்டம் இருக்குக்கா. என்ன போடட்டும்?"

"வெளியூர் போயிருக்கா. வருவான்னு போடுங்க."

"வருவான்னு எழுத இடமில்லக்கா. சின்னக் கட்டம்."

"அப்ப போயிருக்கான்னு மட்டும் போடுங்க. வர்றதை நான் பாத்துக்கறேன்."

தெயோஃபில் எழுதினான். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் சீட்டைக் கையில் வாங்கி, மை காய்கிற வரைக்கும் வைத்திருந்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள்.